சட்டம் கேளுங்கள்: குழந்தை யாரிடம் இருக்கும்?

குழந்தையின் பொறுப்பு குறித்து வந்த கடிதங்களை மட்டும் இந்த இதழுக்காகப் பிரித்தெடுத்துக்கொண்டேன். எழுதியவர்களின் ஊரைத் தவிர மற்ற அடையாளங்கள் எதையும் தரவில்லை. சில கடிதங்களைச் சுருக்கியிருக்கிறேன். மதுரையில் பெரும்பாலும் குடும்ப வழக்குகளையே நடத்திவருகிற வழக்கறிஞர் என்ற முறையில் எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன். உங்கள் வழக்குக் கட்டை முழுதாகப் படித்த வழக்கறிஞர் வேறு விதமாகச் சொன்னால், அதற்கான காரணத்தை அவரிடமே கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

கேள்வி: அம்மா, வணக்கம். எனக்கு 31 வயது. கணவர் கோவையில் லேத் பட்டறை வைத்திருக்கிறார். அவருடைய அடி தாங்க முடியாமல் எட்டு மாதங்களுக்கு முன்பு மகளை அழைத்துக்கொண்டு சேலத்தில் என் அம்மா வீட்டுக்கு வந்துவிட்டேன். மகளுக்கு நாலரை வயது. இங்கே எல்.கே.ஜி. படிக்கிறாள். ஒரு ஜவுளிக் கடையில் கணக்கு எழுதுகிறேன். சம்பளம் 14,000 ரூபாய். மகளைத் தன்னிடம் ஒப்படைக்கக் கேட்டுக் கணவர் கோவை குடும்ப நீதிமன்றத்தில் மனுப் போட்டிருக்கிறார். மனுவைப் படமெடுத்து வாட்ஸ்அப்பிலும் அனுப்பினார். எனக்கு வருமானம் போதாதாம். குழந்தையைப் பாட்டியிடம் தள்ளிவிட்டு வேலைக்குப் போகிறேனாம். தந்தைதான் சட்டப்படி முதல் காப்பாளராம். சம்மன் வந்தால் வாங்காதே என்கிறார் அண்ணன். மகளை என்னிடமிருந்து பிரித்துவிடுவார்களா? – பெயர் வேண்டாம், சேலம்

பதில்: முதலில் அண்ணனுக்கு ஒரு வார்த்தை. சம்மனைத் திருப்பி அனுப்பினால் வழக்கு நின்றுவிடாது. வாங்க மறுத்தார் என்று தபால் உறையில் எழுதி வரும், வீட்டுக் கதவில் ஒட்டுவார்கள், அல்லது நாளிதழில் அறிவிப்புக் கொடுப்பார்கள். அதன் பிறகும் நீங்கள் போகவில்லை என்றால் ஒருதலைப்பட்சமாக உத்தரவு வரும். அந்த உத்தரவை நீக்கக் கேட்டு மனுப் போடலாம் என்றாலும், அதற்குள் உங்கள் பக்கத்து நியாயம் ஒரு வரிகூடப் பதிவாகாமல் வழக்கு ஒரு சுற்று ஓடிவிட்டிருக்கும். சம்மனைக் கையெழுத்திட்டு வாங்குங்கள். முதல் வாய்தாவுக்கு நேரில் போங்கள்.

தந்தைதான் முதல் காப்பாளர் என்ற வரியைப் படித்துப் பயந்திருக்கிறீர்கள். 1956-ஆம் ஆண்டின் இந்து இளவர் மற்றும் காப்பாளர் சட்டத்தின் 6-ஆம் பிரிவில், தந்தை, அவருக்குப் பின் தாய் என்று இருப்பது உண்மைதான். அதே பிரிவில் அடுத்த வரியிலேயே, ஐந்து வயது நிரம்பாத குழந்தை சாதாரணமாகத் தாயின் பொறுப்பில்தான் இருக்க வேண்டும் என்றும் இருக்கிறது. உங்கள் கணவரின் மனுவில் அந்த வரி இல்லை என்று நினைக்கிறேன். அதே சட்டத்தின் 13-ஆம் பிரிவு குழந்தையின் நலனே எல்லாவற்றுக்கும் மேலானது என்கிறது. "அவருக்குப் பின்" என்பதைத் தந்தை இறந்த பிறகு என்று மட்டும் படிக்கக் கூடாது என்று கீதா ஹரிஹரன் வழக்கில் 1999-இல் உச்ச நீதிமன்றம் தெளிவாக்கிவிட்டது. ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தை தாயிடம் இருக்கக் கூடாது என்றால் அதை நிரூபிக்கும் சுமை தந்தையுடையது என்று 2015-இல் ரோக்ஸான் சர்மா வழக்கில் சொன்னது.

வழக்கு முடிவதற்குள் உங்கள் மகளுக்கு ஐந்து வயது நிரம்பிவிடும். பிறந்தநாளுக்கு மறுநாள் அப்பாவிடம் போய்விட வேண்டியதுதான் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். ஐந்து வயது தாண்டிய பிறகு இன்னாருக்குத்தான் என்று எழுதிவைத்த கணக்கு எதுவும் இல்லை. இந்தக் குழந்தைக்கு எது நல்லது என்பதைத்தான் நீதிபதி பார்ப்பார்.

கோவையில் போட்டது சரியா என்பது அடுத்த விஷயம். 1890-ஆம் ஆண்டின் காப்பாளர்கள் மற்றும் காக்கப்படுவோர் சட்டத்தின் 9-ஆம் பிரிவுப்படி, குழந்தை சாதாரணமாக எங்கே வசிக்கிறதோ அந்த ஊர் நீதிமன்றத்துக்குத்தான் அதிகாரம். எட்டு மாதமாகச் சேலத்தில் இருக்கிறாள், இங்கேயே பள்ளியில் சேர்ந்திருக்கிறாள். இதை எதிருரையின், அதாவது அவருடைய மனுவுக்கு நீங்கள் எழுத்தில் தரும் பதிலின், தொடக்கத்திலேயே ஆட்சேபணையாக எழுத வேண்டும். விசாரணை பாதி நடந்த பிறகு எழுப்பினால் வலு குறையும். கணவர் பக்கம், நீங்கள் குழந்தையைத் தூக்கிக்கொண்டு போனதால் மட்டும் சேலம் வசிப்பிடமாகிவிடாது என்று வாதிடுவார்கள். எனவே பள்ளிச் சேர்க்கைக் கடிதம், இங்கே தடுப்பூசி போட்ட பதிவு, வாடகை வீடாக இருந்தால் அதன் ஒப்பந்தம் என்று வசிப்பைக் காட்டும் தாள்கள் எல்லாம் வேண்டும். கோவைக்கே வழக்கு உரியது என்று ஆனாலும், சிறு குழந்தையோடு அலைய முடியாத நிலையைச் சொல்லி, சேலத்துக்கு மாற்றக் கேட்டு உயர் நீதிமன்றத்தில் இடமாற்ற மனுப் போடலாம்.

சம்பளம் 14,000 ரூபாய் என்பதற்காகக் குழந்தையை யாரும் எடுத்துக் கொடுத்துவிட மாட்டார்கள். பணம் யாரிடம் அதிகம் என்று பார்த்துக் குழந்தையைத் தருவதென்றால் இந்த நாட்டில் பாதித் தாய்மார்களிடம் குழந்தை இருக்காது. தந்தைக்கு வருமானம் இருக்கிறது என்றால், அவர் குழந்தைக்கு ஜீவனாம்சம் கொடுக்க வேண்டும் என்பதுதான் அதன் பொருள். முன்பு குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 125-ஆம் பிரிவாக இருந்தது, 2024 ஜூலை முதல் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 144-ஆம் பிரிவாகியிருக்கிறது. அதன்கீழ் மகளுக்காகக் கேளுங்கள். 2020-இல் ரஜ்னேஷ் எதிர் நேஹா வழக்கில் வந்த தீர்ப்புக்குப் பிறகு இரண்டு பேருமே சொத்து, வருமானம், செலவு எல்லாவற்றையும் பிரமாணப் பத்திரமாகத் தாக்கல் செய்தாக வேண்டும். பட்டறையின் ஜி.எஸ்.டி. கணக்கு, வங்கிக் கணக்கு எல்லாம் அப்போது வெளியே வரும். உங்கள் பத்திரத்தில் ஒரு ரூபாயைக்கூட மறைக்காதீர்கள். சம்பளத்தை மறைத்த தாயின் பேச்சை அதன் பிறகு எந்த விஷயத்திலும் நீதிபதி முழுதாக நம்புவதில்லை.

இனி, வழக்கின் உயிர் எங்கே இருக்கிறது என்று சொல்கிறேன். என்னிடம் வருகிற தாயோ தந்தையோ யாராக இருந்தாலும் முதல் நாளே ஒரு வேலை கொடுப்பேன். ஒரு வெள்ளைத்தாளில் உங்கள் குழந்தையின் நேற்றைய நாளை, எழுந்ததிலிருந்து தூங்கும் வரை எழுதிக்கொண்டு வாருங்கள் என்பேன். யார் எழுப்பினார்கள், பல் தேய்க்க அடம்பிடித்தாளா, இட்லிக்குச் சர்க்கரையா சட்னியா, பள்ளி வேனா ஸ்கூட்டரா, மதியச் சாப்பாட்டில் எதை மிச்சம் வைத்துக் கொண்டுவந்தாள், வகுப்பில் அவள் பக்கத்தில் உட்காரும் பிள்ளையின் பெயர் என்ன, இரவில் எதைக் கட்டிக்கொண்டு தூங்குகிறாள். சிலர் இரண்டு பக்கம் நிறைத்து எழுதிவருவார்கள். சிலருக்கு நான்கு வரிக்கு மேல் வராது. அவர்களுக்கும் கோபம் குறைந்து, வீட்டுக்குப் போய்ப் பிள்ளையோடு உட்காரத் தோன்றியிருக்கிறது. அந்தத் தாள்தான் எதிருரைக்கு அடித்தளம். கணவன் மனைவி சண்டையின் வாட்ஸ்அப் செய்திகளை இருநூறு பக்கம் அச்செடுத்துப் பையில் கொண்டுவருகிறார்கள். அதில் குழந்தை இருப்பதே இல்லை. விவாகரத்து வழக்குக்கு அது பயன்படலாம். குழந்தையின் வழக்கில், யார் கெட்ட மனைவி, யார் கெட்ட கணவர் என்பது குழந்தையைத் தொடும் அளவுக்குத்தான் எடுபடும்.

உங்கள் விஷயத்தில் அது குழந்தையைத் தொடுகிறது. அடி விழுந்தது மகளின் கண் முன்னால் நடந்ததா? இரவில் அலறி எழுந்தாளா? அதை வெறும் "கொடுமை" என்று எழுதிவிடாமல், நாளும் இடமும் நடந்ததும் வைத்து எழுதுங்கள். சிகிச்சை எடுத்திருந்தால் மருத்துவமனைச் சீட்டை இணையுங்கள். 2005-ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைப் பாதுகாப்புச் சட்டத்தின் 21-ஆம் பிரிவின்கீழ் குழந்தையின் தற்காலிகப் பொறுப்பைக் குற்றவியல் நடுவரிடமே கேட்கலாம். இனி அப்படி ஒரு ஆபத்து வந்தால் பெண்கள் உதவி எண் 181-ஐ அழையுங்கள்.

பாட்டியிடம் விட்டுவிட்டு வேலைக்குப் போவதைக் குற்றம்போல எழுதியிருக்கிறார் கணவர். அவர் பட்டறைக்குப் போகும்போது குழந்தையை யார் பார்ப்பார்கள் என்று கேளுங்கள். அநேகமாக அவருடைய அம்மாதான். உழைக்கும் குடும்பங்களில் பிள்ளைகள் பாட்டி கையில்தான் வளர்கிறார்கள். உங்கள் அம்மாவின் வயது, உடல்நிலை, அவர் குழந்தையோடு இருக்கும் நேரம் இவற்றைத் தயங்காமல் எழுதுங்கள்.

கடைசியாக ஒன்று, இதை நீங்கள் விரும்ப மாட்டீர்கள். மகள் அப்பாவைப் பார்க்கும் ஏற்பாட்டை நீங்களே எதிருரையில் முன்வையுங்கள். எந்தக் கிழமை, எத்தனை மணி நேரம், எங்கே, யார் உடனிருக்க, வாரத்தில் எந்த நாள் வீடியோ அழைப்பு என்று எழுதுங்கள். அடித்த மனிதர் என்பதால், தொடக்கத்தில் நீதிமன்ற வளாகத்திலோ ஆலோசகர் முன்னிலையிலோ மட்டும் என்று நிபந்தனை கேட்பது நியாயம்தான். இரண்டு பெற்றோரின் அன்பும் குழந்தைக்கு உரியது, பொறுப்பு கிடைக்காதவருக்கும் தாராளமாகப் பார்க்கும் வாய்ப்பு வேண்டும் என்று 2020-இல் யஷிதா சாஹு வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. கண்ணில் காட்டவே மாட்டேன் என்று நிற்கும் தாயைவிட, பாதுகாப்பாக இப்படிப் பார்க்கட்டும் என்று எழுதும் தாயிடம் பிள்ளையை விடுவது எந்த நீதிபதிக்கும் எளிது.

வழக்கறிஞருக்குக் கொடுக்கப் பணமில்லை என்று நீங்கள் எழுதவில்லை, ஆனாலும் சொல்லிவிடுகிறேன். பெண்களுக்கு வருமான வரம்பு இல்லாமலே இலவச சட்ட உதவி உண்டு. மாவட்ட நீதிமன்ற வளாகத்தில் சட்டப்பணிகள் ஆணைக்குழு அலுவலகம் இருக்கும். அங்கே மனு எழுதிக் கொடுங்கள், அல்லது 15100-ஐ அழையுங்கள்.

கேள்வி: மாதத்தில் இரண்டு சனிக்கிழமை, காலை 10 முதல் 1 மணி வரை நீதிமன்ற வளாகத்தில் ஏழு வயது மகனைப் பார்க்கலாம் என்று இடைக்கால உத்தரவு இருக்கிறது. பாதி நாட்கள் மனைவி கூட்டிவருவதில்லை. வந்தாலும் அவன் அம்மாவின் சேலையை விட்டு வருவதில்லை. என் அம்மாவையும் தங்கையையும் பார்த்தால் அழுகிறான். ஜீவனாம்சத்தை நிறுத்தினால்தான் வழிக்கு வருவார்கள் என்று நண்பர்கள் சொல்கிறார்கள். – ஒரு தந்தை, திருநெல்வேலி

பதில்: தம்பி, ஜீவனாம்சத்தை நிறுத்தாதீர்கள். அது உங்கள் மகன் சாப்பிடும் சோறு. பார்க்க விடாததற்கு அதைப் பிணையாக வைத்தால், அடுத்த வாய்தாவில் நீங்கள்தான் கூண்டில் நிற்பீர்கள்; உத்தரவை மீறிய மனைவியைப் பற்றி யாரும் பேச மாட்டார்கள்.

அவர் வராத ஒவ்வொரு சனிக்கிழமையும் நீங்கள் வந்ததைப் பதிவாக்குங்கள். நீதிமன்றத்தில் வருகைக்குக் குறிப்பேடு இருந்தால் அதில் கையெழுத்திடுங்கள். இல்லை என்றால் அன்றே உங்கள் வழக்கறிஞர் வழியாக எதிர்த்தரப்பு வழக்கறிஞருக்கு ஒரு வரி எழுத்தில் போகட்டும். இரண்டு மூன்று முறை தொடர்ந்து நடந்தால், உத்தரவை நிறைவேற்றக் கேட்டும், தவறிய நாட்களுக்கு ஈடாக வேறு நாட்கள் கேட்டும் மனுப் போடுங்கள். அவமதிப்பு மனு என்பது கடைசிப் படி. எடுத்தவுடன் அதைப் போட்டால், அம்மாவைச் சிறைக்கு அனுப்பப் பார்க்கிறார் அப்பா என்றுதான் அந்தப் பிள்ளையின் காதில் விழும்.

மகன் ஒட்ட மறுப்பதைப் பற்றி இன்னும் கொஞ்சம் பேச வேண்டும். நீதிமன்ற வளாகத்தில் ஒரு குழந்தை எப்படி இருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். கறுப்பு அங்கி போட்டவர்கள், காவலர்கள், வராந்தாவில் அழுகிறவர்கள், பெயர் சொல்லிக் கத்தும் டவாலி. அந்த இடத்தில் மூன்று மணி நேரம் அப்பாவோடு சிரிக்க வேண்டும் என்று ஏழு வயதுப் பிள்ளையிடம் எதிர்பார்க்கிறோம். எனவே இடத்தை மாற்றக் கேளுங்கள். ஒரு பூங்கா, நூலகத்தின் சிறுவர் பகுதி, இரண்டு பேருக்கும் பொதுவான உறவினர் வீடு, எதுவாக இருந்தாலும் இதைவிட மேல். குடும்ப நீதிமன்றங்கள் சட்டத்தின் 12-ஆம் பிரிவுப்படி உளவியல் வல்லுநர்களின் உதவியை நீதிமன்றம் பெறலாம். பிள்ளை ஏன் மறுக்கிறான் என்று பார்க்க ஆலோசகரை நியமிக்கக் கேட்டு ஒரு மனுவும் சேர்த்துப் போடுங்கள். அம்மா சொல்லிக்கொடுத்ததா, பயமா, வெறும் பழக்கமின்மையா என்பது அதில் தெரிந்துவிடும். அவன் பயந்ததற்குக் காரணமான ஏதாவது ஒன்று வீட்டில் நடந்திருந்தால், ஆலோசகரிடம் நீங்களே முதலில் சொல்லிவிடுவது நல்லது.

அம்மாவையும் தங்கையையும் சில மாதங்கள் அழைத்துப் போகாதீர்கள். பேரனைப் பார்க்காமல் அவர்களுக்கு வலிக்கும், தெரியும். ஆனால் ஒரே நேரத்தில் மூன்று பேர் கை நீட்டினால் பிள்ளை அம்மாவின் பின்னால்தான் ஒளிவான். நீங்கள் மட்டும் போங்கள். தரையில் உட்காருங்கள். ஏதாவது கையில் செய்துகொண்டிருங்கள். காகிதக் கப்பல், களிமண், வரையும் தாள் எதுவானாலும் சரி. கூப்பிடாதீர்கள், அவனாக வருவான். "அம்மா என்ன சொன்னாங்க", "அங்கே யார் வந்தாங்க" என்ற இரண்டு கேள்விகளை மட்டும் வாயில் எடுக்கவே கூடாது. அந்தக் கேள்வி வந்த நொடியில் குழந்தை சாட்சியாகிவிடுகிறான். ஒவ்வொரு முறையும் விலை உயர்ந்த பொம்மை வாங்கிப் போவதையும் விட்டுவிடுங்கள். போன முறை பாதியில் விட்ட படத்தை இந்த முறை எடுத்துப் போய்த் தொடருங்கள். அடுத்த வருகைக்கு அவனுக்கு ஒரு காரணம் கிடைக்கும்.

இப்படிச் சில மாதம் ஒழுங்காக நடந்த பிறகு, நேரத்தைக் கூட்டவும், பிறகு இரவு தங்கவும், கோடை விடுமுறையில் பாதி நாட்களுக்கும் கேட்கலாம். குழந்தையின் பொறுப்பு பற்றிய உத்தரவு எதுவும் கல்லில் வெட்டியதில்லை. சூழ்நிலை மாறினால் மாற்றக் கேட்கலாம் என்று 1973-லேயே, சென்னையிலிருந்து போன ரோஸி ஜேக்கப் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. பிள்ளைகள் பெற்றோரின் விளையாட்டுப் பொருட்களல்ல என்று சொன்னதும் அந்தத் தீர்ப்புதான்.

கேள்வி: அடுத்த மாதம் நீதிபதி என் மகனிடம் நேரில் பேசப்போகிறாராம். அவனுக்கு 11 வயது. என்ன சொல்ல வேண்டும் என்று எப்படித் தயார்படுத்துவது? – திண்டுக்கல்

பதில்: தயார்படுத்தாதீர்கள்.

பிள்ளை தன் விருப்பத்தை அறிவோடு சொல்லும் வயதில் இருந்தால் அதைக் கருத்தில் கொள்ளலாம் என்று 1890-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 17-ஆம் பிரிவு சொல்கிறது. கருத்தில் கொள்ளலாம் என்றுதான் இருக்கிறது. பிள்ளை சொன்னதே தீர்ப்பு என்று இல்லை. பெரும்பாலும் நீதிபதியின் அறையில், இரண்டு பக்க வழக்கறிஞர்களும் வெளியே இருக்க, தனியாகப் பேசுவார்கள். பள்ளி, நண்பர்கள், பிடித்த சாப்பாடு என்று தொடங்குவார்கள். அப்பாவைப் பற்றிக் கேட்டவுடன் பிள்ளை "அவர் எனக்கு மன உளைச்சல் கொடுக்கிறார்" என்று சொன்னால், பதினோரு வயதுப் பையனின் வாயில் அந்தச் சொல் எங்கிருந்து வந்தது என்று நீதிபதிக்கு உடனே தெரிந்துவிடும். அதன் பிறகு அவன் சொல்லும் உண்மைகளுக்கும் மதிப்பு இருக்காது.

நீங்கள் சொல்ல வேண்டியது ஒன்றே ஒன்று: "அவர் கேட்பதற்கு உனக்குத் தெரிந்ததைச் சொல். தெரியாது என்றால் தெரியாது என்று சொல். நீ என்ன சொன்னாலும் நானும் அப்பாவும் உன்மேல் கோபப்பட மாட்டோம்." முந்தைய நாள் இரவு அவன் நேரத்துக்குத் தூங்கட்டும். காலையில் சாப்பிடாமல் கூட்டிவராதீர்கள். பத்தரைக்குக் கூப்பிடுவார்கள் என்று வந்து மூன்று மணிக்குக் கூப்பிடும் நாட்களும் உண்டு. கதைப் புத்தகம் ஒன்று பையில் இருக்கட்டும். உள்ளே என்ன பேசினாய் என்று திரும்பும் வழியில் கேட்காதீர்கள். இது எவ்வளவு கடினம் என்று எனக்குத் தெரியும்.

கேள்வி: மகள் இரண்டு ஆண்டுகளுக்கு முன் புற்றுநோயில் இறந்துவிட்டாள். பேத்திக்கு ஆறு வயது; மகள் நோயில் விழுந்ததிலிருந்து எங்களிடம்தான் வளர்கிறாள். மருமகன் இப்போது மறுமணம் செய்துகொண்டு, பிள்ளையைக் கேட்கிறார். பெற்று வளர்த்த எங்களுக்கு உரிமை இல்லையா? – ஒரு பாட்டி, தேனி

பதில்: அம்மா, உங்களிடம் ஆறுதலுக்காகப் பொய் சொல்ல மாட்டேன். தாய் இல்லாத நிலையில் உயிரோடிருக்கும் தந்தைதான் இயற்கைக் காப்பாளர். மறுமணம் செய்துகொண்டார் என்பதற்காக மட்டும் அவர் தகுதி இழப்பதில்லை. 2019-இல் உச்ச நீதிமன்றத்துக்குப் போன தேஜஸ்வினி கௌட் வழக்கும் கிட்டத்தட்ட உங்களுடையதைப் போன்றது. தாய் புற்றுநோயில் இறந்தார், அவருடைய உடன்பிறந்தவர்கள் குழந்தையை வளர்த்தார்கள், தந்தை கேட்டார். குழந்தை தந்தையிடம் போக வேண்டும் என்றுதான் தீர்ப்பு வந்தது. வளர்த்தவர்கள் பார்க்கவும் வழி வைத்தார்கள்.

தாத்தா பாட்டிக்குக் குழந்தை போன வழக்குகளும் இருக்கின்றன. கொரோனாவில் தாயும் தந்தையும் இறந்த சிறுவனுக்காக அப்பாவைப் பெற்றவர்களும் தாயின் சகோதரியும் போட்டியிட்டபோது, வயதையும் வருமானத்தையும் காரணம் காட்டித் தாத்தா பாட்டியை ஒதுக்கக் கூடாது என்று 2022-இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. ஆனால் அங்கே தந்தை உயிரோடு இல்லை. உங்கள் மருமகன் இருக்கிறார். அவர் இத்தனை நாள் வந்து பார்த்தாரா, பணம் அனுப்பினாரா, சிற்றன்னை இந்தப் பிள்ளையோடு ஒரு நாளாவது இருந்திருக்கிறாரா என்பதையெல்லாம் நீதிமன்றம் பார்க்கும். அவர் அடியோடு மறந்துவிட்டிருந்தார் என்றால் உங்கள் வழக்குக்கு வலு உண்டு. மாதாமாதம் வந்து போகும் நல்ல தகப்பன் என்றால், "தர மாட்டேன்" என்று மல்லுக்கு நிற்பது, பேத்தியை முழுதாக இழப்பதில் முடியலாம்.

நான் உங்களிடம் நேரில் பேசினால், சமரச மையத்துக்குப் போகச் சொல்லுவேன். உடனே ஒப்படைக்காமல், இந்தப் படிப்பாண்டு முடியும் வரை வார இறுதிகள் அப்பா வீட்டில், பிறகு கோடை விடுமுறை அங்கே, அதன் பிறகு பள்ளி மாற்றம், உங்களிடம் மாதம் இரண்டு வார இறுதியும் தீபாவளி பொங்கலில் ஒன்றும் என்று எழுத்தில் வாங்கி, நீதிமன்ற உத்தரவாக்கிக்கொள்ளுங்கள். மகளின் நகை பேத்தியின் பெயரில் இருக்க வேண்டும் என்பதையும் அதிலேயே சேருங்கள். தாயை இழந்த பிள்ளைக்குப் பாட்டியையும் ஒரே நாளில் பறித்துவிடக் கூடாது என்பது எந்த நீதிபதியின் மனத்திலும் தைக்கும் வாதம். அதைக் கோபமில்லாமல் வைத்தால் போதும்.

கேள்வி: பரஸ்பர விவாகரத்துக்குக் கணவர் சம்மதிக்கிறார். குழந்தை என்னிடம் இருக்கலாமாம். ஆனால் குழந்தைக்காக இனி ஒரு ரூபாயும் கேட்க மாட்டேன் என்று கையெழுத்திட வேண்டுமாம். போடலாமா? – திருச்சி

பதில்: வேண்டாம். உங்கள் ஜீவனாம்சத்தை நீங்கள் விட்டுக்கொடுப்பது உங்கள் விருப்பம். குழந்தையின் உரிமையை விட்டுக்கொடுக்கத் தாய்க்கு அதிகாரமில்லை. அப்படி எழுதினாலும் குழந்தைக்காகப் பின்னால் கேட்பதை அது தடுக்காது. அதற்குப் பதிலாக, மாதத் தொகை எவ்வளவு, ஆண்டுக்கு எவ்வளவு கூடும், பள்ளிக் கட்டணம் யார், மருத்துவக் காப்பீடு யார், எந்த விடுமுறை யாரிடம், கடவுச்சீட்டு யார் கையில், ஊர் மாறினால் எத்தனை நாள் முன்னால் சொல்ல வேண்டும் என்று ஒப்பந்தத்திலேயே எழுதுங்கள். "இருவரும் பேசி முடிவு செய்வார்கள்" என்று விட்ட ஒவ்வொரு வரியும் பின்னால் புது மனுவாகத் திரும்பி வரும்.

கேள்வி: என் கணவர் பள்ளி விடும் நேரத்தில் போய் மகளை அழைத்துக்கொண்டு பெங்களூருக்குப் போய்விட்டார். தொலைபேசியை எடுப்பதில்லை. அப்பா கூட்டிப்போனால் கடத்தல் ஆகாது என்கிறது காவல் நிலையம். நீதிமன்ற உத்தரவு எதுவும் இதுவரை இல்லை. – மதுரை

பதில்: காவல் நிலையம் சொல்வதில் பாதி சரி. நீதிமன்ற உத்தரவு இல்லாத நிலையில், தகப்பன் பிள்ளையை அழைத்துப்போனதைப் பொதுவாகக் கடத்தல் வழக்காகப் பதிவு செய்ய மாட்டார்கள். ஆனாலும் புகாரை எழுத்தில் கொடுத்து, மனு ஏற்புச் சான்றை வாங்கிவிடுங்கள். குழந்தை எந்தத் தேதிவரை உங்களோடு இருந்தாள் என்பதற்கு அது அரசு முத்திரையோடு ஒரு சாட்சி.

அடுத்து இரண்டு வழி. ஒன்று, குழந்தையை நீதிமன்றத்தின் முன் கொண்டுவரச் சொல்லக் கேட்டு உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளையில் போடும் ஆட்கொணர்வு மனு. குழந்தை மிகச் சிறியவள், பழகிய இடத்திலிருந்து திடீரென்று பிடுங்கப்பட்டாள் என்று காட்ட முடிந்தால் அது விரைவான வழி. உண்மைத் தகராறுகள் நிறைய இருந்தால் குடும்ப நீதிமன்றத்துக்குப் போங்கள் என்று சொல்லிவிடவும் கூடும். அதனால் காத்திருக்காமல், மதுரை குடும்ப நீதிமன்றத்தில் காப்பாளர் மனுவையும், 1890-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 12-ஆம் பிரிவின்கீழ் இடைக்காலப் பொறுப்பு கேட்டு அவசர மனுவையும் தாக்கல் செய்யத் தயாராக வைத்திருங்கள். சாதாரண வசிப்பிடம் மதுரை என்ற வாதம் இன்று உங்கள் பக்கம் பலமாக இருக்கிறது. ஆறு மாதம் தள்ளிப் போனால், பெங்களூரில் பள்ளியில் சேர்த்துவிட்டு அதையே அவர் வசிப்பிடமாகக் காட்டுவார். உறவினர்கள் பேசிப் பார்க்கிறோம் என்றால் பேசட்டும். மனுவும் அதே வாரத்தில் போகட்டும்.

பெங்களூருக்கு நேரில் போய்த் தூக்கிவந்துவிடலாம் என்று வீட்டில் யாராவது கிளம்பினால் தடுத்துவிடுங்கள். நடுத்தெருவில் இழுபறியானால் அடிபடுவது பிள்ளை. அந்தக் காட்சி கைப்பேசியில் பதிவானால் வழக்கும் கெடும். மகள் படித்த பள்ளிக்கு இன்றே ஒரு கடிதம் கொடுங்கள். மாற்றுச் சான்றிதழ் கேட்டு யார் வந்தாலும் உங்களுக்குத் தெரிவிக்கும்படியும், உங்கள் எழுத்துப்பூர்வமான ஒப்புதல் இல்லாமல் கொடுக்க வேண்டாம் என்றும் எழுதி, நகலில் பள்ளி முத்திரை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். வழக்கு எண் கிடைத்தவுடன் அதையும் பள்ளிக்குத் தெரிவியுங்கள்.